முகவரி வேறு, இடம் வேறு

தரவு மையத்தில் வேலை என்று சொன்னால் "ஓ, கம்ப்யூட்டர் வேலையா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவது சுலபம். உண்மையில் என் வேலையில் பாதி நேரம் பிளக் பார்ப்பதில் போகிறது. வீட்டில் டிவிக்குப் பின்னால் தூசியோடு கிடக்குமே எக்ஸ்டென்ஷன், அதனுடைய பெரியண்ணன் ஒருவர் எங்கள் ஒவ்வொரு ரேக்கின் பின்பக்கத்திலும் நின்றுகொண்டிருக்கிறார். ஆள் உயரம். கறுப்பு நிறம். வரிசையாக முப்பது, நாற்பது அவுட்லெட்டுகள். சின்னதாக ஒரு திரை. பெயர் பவர் டிஸ்டிரிபியூஷன் யூனிட். நாங்கள் பிடியு என்போம்.

ஒரு ரேக்குக்கு இரண்டு பிடியு. ஒன்று ஏ, இன்னொன்று பி. இரண்டுக்கும் மின்சாரம் வெவ்வேறு வழியில் வரும். ஒரு சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் ஒன்றை ஏ பக்கமும் மற்றதை பி பக்கமும் செருகுவோம். ஒரு வழி செத்தாலும் சர்வர் சாகாது. தரவு மையம் என்கிற இவ்வளவு பெரிய கட்டடமும் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது: எதற்கும் இரண்டு இருக்கட்டும்.

இந்த பிடியுவுக்கு மூளை உண்டு. எந்த அவுட்லெட்டில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லும். வெப்பம் சொல்லும். தூரத்திலிருந்து ஓர் அவுட்லெட்டை மட்டும் அணைத்து மறுபடி போடச் சொன்னால் செய்யும். நள்ளிரவில் ஒரு சர்வர் உறைந்துபோனால் யாரும் காரை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் நடக்க பிடியுவுக்கு ஒரு நெட்வொர்க் முகவரி வேண்டும். முகவரி இல்லாத பிடியு வெறும் எக்ஸ்டென்ஷன்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த முகவரியைக் கையால்தான் கொடுத்தோம். பிடியு இருப்பது ரேக்கின் பின்னால். அதாவது எல்லா சர்வரும் தன் சூட்டை ஊதித் தள்ளுகிற ஹாட் ஐலில். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் லேப்டாப் வைத்து, சீரியல் கேபிளைச் செருகி, ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், பெயர் என்று ஐந்தையும் தட்டச்சு செய்யவேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ரேக், 400 பிடியு. 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் ஒருவருக்கு எட்டு நாளுக்கும் அதிகம்.

எங்கள் குழுவில் இந்த வேலைக்கென்றே ஒரு அண்ணன் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன்பு தொலைபேசி கேபிள் வேலை பார்த்தவர். நீல அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருப்பார். அதில் ரேக் எண், ஏ அல்லது பி, பிடியுவின் மேக் முகவரி, கொடுத்த ஐபி எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் இருக்கும். முடித்ததும் லேபிள் பிரிண்டரில் அச்சடித்து பிடியுவின் நெற்றியில் ஒட்டுவார். ஒட்டியதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்ப்பார். "ஒட்டினது விழுந்துச்சுன்னா அது யாருன்னே தெரியாது தம்பி" என்பார்.

பிறகு எல்லாவற்றையும் தானியங்கியாக மாற்றினோம். மாற்றிய இருவரில் நான் ஒருவன்.

அதற்குப் பயன்படுவது டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால், சுருக்கமாக டிஎச்சிபி. உங்கள் கைப்பேசி கோப்பிக் கடை வைஃபையில் சேரும்போது நடப்பதும் இதுதான். இதற்கு முன் பூட்பி என்று ஒன்று இருந்தது, 1985இல் வந்தது. அதை விரித்துத்தான் டிஎச்சிபி உருவானது. ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம் 1997 மார்ச்சில் வெளியானது. இன்றைக்கும் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம்.

அதில் நடக்கும் உரையாடல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலே வாக்கியம். புதிதாகச் செருகப்பட்ட பிடியுவுக்குத் தன் முகவரியும் தெரியாது, யாரிடம் கேட்கவேண்டும் என்பதும் தெரியாது. அதனால் அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்று போட்டு, பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்று போட்டு, ஊருக்கே கேட்கும்படி கூவுகிறது: யாராவது இருக்கீங்களா? சர்வர் ஒன்று பதில் சொல்லும்: இந்த முகவரி காலியா இருக்கு, வேணுமா? பிடியு சொல்லும்: சரி, அதையே தாங்க. சர்வர்: கொடுத்தாச்சு. இவ்வளவுதான். ஒரு நொடி, இரண்டு நொடி.

கொடுத்தது சொந்தமாக இல்லை, குத்தகைக்கு. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் பிடியு தானாகவே போய், "நான் இன்னும் இருக்கேன், நீட்டிச்சுக் கொடுங்க" என்று அதே சர்வரிடம் கேட்கும். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லட்டும் என்று மறுபடி ஊருக்கே கூவும். அப்போதும் ஒன்றும் வராமல் காலம் முடிந்துவிட்டால் அந்த முகவரியைக் கைவிட வேண்டும். விதி அப்படி. பிடியு போன்ற கருவிக்கு முகவரி மாறிக்கொண்டே இருந்தால் வேலைக்கு ஆகாது என்பதால் 'இந்த மேக் வந்தால் இந்த ஐபி' என்று சர்வரில் முன்பதிவு செய்து வைப்போம்.

முகவரி கிடைத்த பிறகு மிச்ச வேலையும் நடக்கும். சில வகை பிடியுகளில் சர்வர் தன் பதிலோடு, இன்ன இடத்தில் இன்ன பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, எடுத்துக்கொள் என்றும் சொல்லி அனுப்பலாம். 66, 67 என்று எண்ணிட்ட இரண்டு குறிப்புகள் அதற்கென இருக்கின்றன. பிடியு அந்தக் கோப்பை இறக்கி, எச்சரிக்கை எல்லை எத்தனை ஆம்பியர், நேரம் எங்கிருந்து எடுக்கவேண்டும், கடவுச்சொல் என்ன என்று தன்னைத் தானே அமைத்துக்கொள்ளும். 66 மணி நேர வேலை ஒரு தேத்தாரே குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த உரையாடலில் ஓரிடம் இடிக்கும். பிடியு "யாராவது இருக்கீங்களா" என்று கேட்கிறது. பதில் சொல்கிறவர் யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. யாரோ வீட்டு ரூட்டரை அதே நெட்வொர்க்கில் செருகிவிட்டால் அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். கேட்டவருக்குப் பதில் சொன்னவர் எல்லாம் பெரியவர்தான். இதைத் தடுக்க நெட்வொர்க் சுவிட்சில், இந்தப் போர்ட்டிலிருந்து வரும் பதிலை மட்டும் நம்பு என்று சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. கோப்பை இறக்க வழக்கமாகப் பயன்படும் டிஎஃப்டிபி முறையிலோ கடவுச்சொல்லும் கிடையாது, மறையாக்கமும் கிடையாது. பிடியு என்பது ஆயிரக்கணக்கான பேருடைய வேலை ஓடுகிற சர்வர்களின் சுவிட்ச். அதைத் தெரியாத கையில் கொடுப்பது சின்ன விஷயமா?

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை பிடியு இதற்கு வேடிக்கையான ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. சர்வர் முகவரி கொடுக்கும்போது 43 என்ற குறிப்பில் அந்த நிறுவனத்தின் அடையாளச் சொல்லையும் சேர்த்து அனுப்பினால்தான் பிடியு வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடும். விஷயம் தெரியாதவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். சர்வர் பதிவேட்டைப் பார்த்தால் கேட்டது, கொடுத்தேன், கேட்டது, கொடுத்தேன் என்று பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். கேபிள் நன்றாக இருக்கும், விளக்கு எரியும், முகவரி மட்டும் ஏறாது. அந்தச் சொல் கையேட்டிலேயே அச்சடித்து இருப்பதால் அது பாதுகாப்பு ஆகாது. வாசலில் கேட்கிற சாங்கியம் மாதிரி. ஆனாலும் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக்கூடாது என்று ஒரு கருவிக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பொறியாளர் யாரோ, அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பதில் வராத கருவி என்ன செய்யும்? சில கருவிகள் கூவிக்கொண்டே இருக்கும். சில கருவிகள் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தாமாகவே பொறுக்கிக்கொள்ளும். 2005இல் வந்த ஆர்எஃப்சி 3927 அதற்கான விதிகளைச் சொல்கிறது. கருவி முதலில் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்: இந்த எண்ணை யாராவது வச்சிருக்கீங்களா? யாரும் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளும். அந்த முகவரியோடு அதே கம்பியில் இருக்கும் பக்கத்துக் கருவிகளிடம் பேசலாம். அவ்வளவுதான். ரூட்டர் அதைத் தாண்ட விடாது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்தது.

பாட்டி ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பம் போடவேண்டும் என்று தோட்டத்தில் பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்களிலும், எதுக்கு, நம்மளதான் எல்லாருக்கும் தெரியுமே என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. பாட்டியும் அப்படித்தான். கடைசிவரை கையில் சிவப்பு ஐசி. லயத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கடன் கொடுப்பார், பிரசவம் பார்ப்பார், சண்டை தீர்த்து வைப்பார். அந்தக் கம்பி இருக்கும் மட்டும் அவர் முகவரி செல்லும். தோட்டத்துக் கேட்டைத் தாண்டிவிட்டால் செல்லாது. ஓர் அலுவலகத்தின் கவுண்டரில் அப்பா எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். "இவங்க இங்கேதான் பொறந்தாங்கன்னு யாரு சொல்றது?" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் கேள்வி. சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதே லயத்தில்தான் இருந்தார்கள்.

தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, ஆட்கள் ஆளுக்கொரு மலிவு விலை அடுக்குமாடியில் சிதறியபோது பாட்டிக்குப் பேச இருந்த பக்கத்துக் கருவிகளும் போய்விட்டன.

இதை உவமை அழகுக்காக எழுதவில்லை. நான் இப்போது வேலை செய்யும் இடத்துக்கும் அதற்கும் நிலத்தொடர்பு உண்டு. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவைத்தது. 2020இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டை தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. 2022 ஜனவரியில்தான் மறுபடி கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அதற்குள் கட்டடங்கள் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர ஆரம்பித்துவிட்டன. கூலாய், செடெனாக் பக்கம் போனால் செம்பனைக்கு நடுவே ஜன்னல் இல்லாத வெள்ளைப் பெட்டிகளாக நிற்பதைப் பார்க்கலாம். செம்பனைக்கு முன்னால் ஜொகூரில் எத்தனையோ இடங்களில் ரப்பர் இருந்தது. ரப்பரோடு நம்மவர்கள் இருந்தார்கள்.

பாட்டி பெரட்டைப் பற்றிச் சொல்லுவார். விடியும் முன் எல்லாரும் களத்தில் நிற்கவேண்டும். கிராணி பேரைக் கூப்பிடுவார், இருக்கிறவர் குரல் கொடுக்கவேண்டும். குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. டிஎச்சிபியில் இது தலைகீழ். வந்து நிற்கிறவர்தான் முதலில் கூவவேண்டும். ஆனால் இரண்டிலும் புத்தகம் ஒருவர் கையில்தான் இருக்கிறது.

சரி, பிடியுவுக்கு வருகிறேன். தானியங்கி முறையில் எங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: எந்த பிடியுவுக்கு எந்த முகவரி என்று சர்வர் எதை வைத்து முடிவு செய்வது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேக் முகவரி. ஆலையிலேயே பொறித்து வருவது, 48 பிட். முதல் பாதி செய்தவர் யார் என்று சொல்லும், மறுபாதி அந்தக் கருவிக்கே உரியது. பிறப்பால் அடையாளம். இன்னொன்று, 82 என்ற குறிப்பு. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3046 சொல்வது. பிடியு கூவும்போது நடுவில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச், இந்தக் குரல் என்னுடைய 17ஆம் போர்ட்டிலிருந்து வருகிறது என்று ஒரு சீட்டை ஒட்டி அனுப்பும். சர்வர் ஆளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து முகவரி கொடுக்கும். நிற்கிற இடத்தால் அடையாளம்.

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் எளிது. பிடியு கெட்டுப்போய்ப் புதியதை மாட்டினால் மேக் மாறிவிடும், பதிவேட்டையும் திருத்தவேண்டும். வாசலை வைத்துக் கொடுத்தால், புதிதாக வந்தவருக்குப் பழையவரின் முகவரி, பெயர், அமைப்பு எல்லாம் தானாகவே கிடைத்துவிடும். யாரும் எதையும் தட்டச்சு செய்யவேண்டாம். தோட்டத்து லயன் வீடு மாதிரி. ஆள் மாறினாலும் வீட்டு நம்பர் மாறாது.

400 பிடியுவையும் மாட்டிய அன்று திரையில் 400 பச்சை விளக்கு. எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணன் மட்டும் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஏ, இது பின்னு யாரு சொன்னா?" என்றார்.

"போர்ட் சொல்லுதுண்ணே."

"போர்ட்டுக்கு யாரு சொன்னா?"

எங்களிடம் இருந்த பதில், கேபிள் இழுத்த குத்தகையாளர் கொடுத்த வரைபடம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஹாட் ஐலுக்குள் போய்விட்டார். கூடவே நானும் போனேன். அவர் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். ஒவ்வொரு ரேக்கின் பின்னாலும் நின்று, பிடியுவின் மின்கம்பியை மேலே பஸ்வே வரை கண்ணால் தொடர்ந்து, அது ஏ வழியா பி வழியா என்று பார்த்தார். பிறகு பிடியு திரையில் தெரியும் ஐபியை என்னிடம் படித்துக் காட்டினார். நான் பட்டியலில் சரிபார்த்தேன். மூன்று நாள் ஆனது. மூன்று ரேக்குகளில் ஏ, பி நெட்வொர்க் கேபிள்கள் இடம் மாறிச் செருகியிருந்தன.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றலாம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வரின் பி பக்கத்துப் பவர் சப்ளை செத்துவிட்டது. ஏ பக்கம்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. பவர் சப்ளையை எழுப்பிப் பார்க்கலாம் என்று எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் திரையில் பி பிடியுவைத் திறந்து ஐந்தாம் அவுட்லெட்டை அணைக்கிறார். திரை பி என்கிறது. அணைவது ஏ. சர்வர் அந்த நிமிடமே சாகும். எதற்கும் இரண்டு இருக்கட்டும் என்று கட்டியதெல்லாம் ஒரு மஞ்சள் கேபிளும் ஒரு நீலக் கேபிளும் இடம் மாறியதில் வீணாகும். அந்த சர்வரில் ஓடுவது யாரோ ஒருவருடைய விளையாட்டாக இருக்கலாம், ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துப் பட்டியலாகவும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. ரேக்குக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

கையால் செய்த காலத்தில் இந்தத் தவறு நடக்காதா? வேறு தவறுகள் நடக்கும். ஒரே ஐபியை இரண்டுக்குக் கொடுப்பது, கேட்வேயில் ஓர் எண்ணை மாற்றிப் போடுவது, எல்லாம் உண்டு. தானியங்கி முறை அவற்றையெல்லாம் ஒழித்தது. அதைப் பழையபடி மாற்றச் சொல்ல மாட்டேன், ஹாட் ஐலில் 66 மணி நேரம் உட்கார்ந்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கையால் முகவரி கொடுத்தபோது ஓர் ஆள் அந்தக் கருவியின் முன்னால் நின்றே ஆகவேண்டியிருந்தது. ஐந்து எண்களைத் தட்டச்சு செய்வதுதான் வேலை என்று நாங்கள் கணக்குப் போட்டோம். நிற்பதும் பார்ப்பதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே இருந்ததால் அதைத் தனியாக யாரும் கணக்கில் எழுதவில்லை. தட்டச்சு போனபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

நெட்வொர்க்குக்கு ஒரு கருவி பதில் சொல்கிறது என்று தெரியும். எந்தப் போர்ட் வழியாகச் சொல்கிறது என்றும் தெரியும். அது எந்த அறையில், எந்தக் கம்பியில், எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. முகவரி என்பது கூப்பிடுவதற்கு. இடம் என்பது இருப்பதற்கு. பாட்டிக்கு இடம் இருந்தது, முகவரி இல்லை. எங்கள் மூன்று ரேக்குகளுக்கு முகவரி இருந்தது, இடம் தவறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஆபத்துதான்.

அண்ணனின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. பிடியு அமைக்க இனி தனி ஆள் தேவையில்லை என்று மேலே கணக்குக் காட்டியிருந்தார்கள். கணக்கில் தப்பில்லை, அந்த எண்களை எடுத்துக் கொடுத்ததும் எங்கள் குழுதான். அந்த மூன்று நாளுக்கு என்ன விலை என்று அந்தக் கணக்கில் ஒரு வரி இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது அவர் ஜொகூர் பாருவில் மகளோடு இருக்கிறார். எப்போதாவது கூப்பிடுவேன். "இப்பவும் எல்லாம் பச்சையா எரியுதா?" என்று கேட்பார். "எரியுதுண்ணே" என்பேன். "போய்ப் பாத்தியா?" என்பார்.

எங்கள் சரிபார்ப்புத் தாளில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. சேர்க்கச் சொல்லி இரண்டு கூட்டங்களில் பேச வேண்டியிருந்தது. ஐபி, பெயர், கோப்பின் பதிப்பு எண் எல்லாவற்றையும் கணினியே நிரப்பிவிடும். கடைசிக் கட்டத்தை மட்டும் அதனால் நிரப்ப முடியாது. அதற்குத் தலைப்பு 'நேரில் பார்த்தவர்'. அதில் ஒரு மனிதனின் பெயர் பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் ரேக்கை ஒப்படைக்க முடியாது.